கடல் பார்த்து, மலை பார்த்து கோல்ஃப்: வான்கூவரிலிருந்து பெம்பர்டன் வரை

கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவருக்கு வடக்கே இருக்கும் மலையூரான விஸ்லருக்குக் கோல்ஃப் ஆடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மைதானங்களின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார்கள். ஆர்னால்டு பால்மர் வடிவமைத்தது ஒன்று, ஜாக் நிக்லஸ் வடிவமைத்தது ஒன்று, ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்தது ஒன்று. மூன்றும் ஒரே ஊரில். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வான்கூவர் கடற்கரையில் தொடங்கி, ஹவ் சவுண்ட் என்னும் கடற்குடாவின் ஓரமாக மேலேறி, மலைகளுக்கு நடுவே பெம்பர்டன் பள்ளத்தாக்கில் போய் முடியும் இந்தப் பாதையில் பல கோடைகளாக ஆடிவருகிறேன். நான் சொல்வது இது: முதலில் யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்து எங்கே எந்த நேரத்தில் காற்றடிக்கும், எங்கே வெயில் சுடும், எந்தக் கிழமை சாலை அடைக்கும் என்று எழுதுங்கள். எந்த மைதானம் என்பது அதற்குப் பிறகு தானாகவே முடிவாகிவிடும்.

போன பயணத்தில் நாங்கள் நான்கு பேர். அக்காவும் அத்தானும் டொரண்டோ பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து வந்தார்கள். அத்தானுக்கு ஹேண்டிகேப் 14 (திறமைக்கேற்ப மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ளும் அடிகள்; எண் குறையக் குறைய ஆட்டம் உசத்தி). வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரம் தவறாமல் ஆடுகிறார். அக்கா ஐம்பது வயதைத் தாண்டித்தான் மட்டையைத் தொட்டாள், அதுவும் இடதுகைக்காரி. என் மனைவி பர்னபியில் இருக்கும் பிட்ச் அண்ட் பட் என்னும் குட்டி மைதானத்தில் கற்றுக்கொண்டவள். பட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுவதில், எங்கள் எல்லாரையும் விட நிதானம்; ஆனால் தொடக்கத்திலிருந்து குழிவரை நீண்டு கிடக்கும் ஹோல்களைக் கண்டால் மலைப்பு. இப்படி ஒரு குழுவை வைத்துக்கொண்டு திட்டம் போடுவதில்தான் சுவாரஸ்யமே. நால்வரும் ஒரே தரத்தில் ஆடுகிறவர்கள் என்றால் யார் வேண்டுமானாலும் திட்டம் போடலாம்.

பொது மைதானம் என்பது எனக்கு இன்னும் பழகிப்போகாத ஒரு மகிழ்ச்சி. நான் திருநெல்வேலிக்காரன். சின்ன வயதில் கொடைக்கானலுக்குப் போனபோது கோல்ஃப் மைதானத்தைச் சாலையில் நின்று பார்த்ததுதான். 1895-இல் தொடங்கிய மன்றம் அது. அந்தப் பச்சைச் சரிவு அவ்வளவு அழகு. ஆனால் அது நமக்கானது இல்லை என்று யாரும் சொல்லாமலே மனதில் பதிந்துவிட்டது. இங்கே வான்கூவர் நகரத்தின் பூங்கா வாரியமே ஃப்ரேசர்வியூ, லாங்கரா, மெக்கிளீரி என்று மூன்று 18 ஹோல் மைதானங்களை நடத்துகிறது. பல்கலைக்கழகத்தை ஒட்டி 1929-இல் திறந்த யுனிவர்சிட்டி கோல்ஃப் கிளப்பும் பொதுமக்களுக்கானதுதான். இணையத்தில் ஆடும் நேரத்தை முன்பதிவு செய்து, கிரீன் ஃபீ என்னும் ஆட்டக் கட்டணம் கட்டி, காலரோடு ஒரு சட்டை போட்டுக்கொண்டு போனால் போதும். நீங்கள் யார், என்ன வேலை, யார் சிபாரிசு என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நம்மவர்கள் இன்னும் நிறைய பேர் இந்த ஆட்டத்துக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

விஸ்லர் பக்கத்து மைதானங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், ஆனால் அவை ரிசார்ட் விலையில் ஓடுபவை. கோடை உச்சத்தில் அங்கே ஒரு ரவுண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நகராட்சி மைதானத்தில் இரண்டு மூன்று ரவுண்டு ஆடிவிடலாம். விமான டிக்கெட் போலவே கிழமைக்கும் மணிக்கும் ஏற்ப விலை மாறும். பார்க்கும் விலையில் கார்ட் (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) சேர்ந்திருக்கிறதா, பயிற்சிப் பந்துகள் சேர்ந்திருக்கின்றனவா, 5% வரி சேர்ந்திருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மலிவாகத் தெரிவது சில சமயம் கார்ட் வாடகை சேர்ந்ததும் மற்றதைத் தாண்டிவிடுகிறது. எங்கள் கணக்கு எளிமையானது: ஒரே ஒரு ரவுண்டுக்கு மட்டும் உச்ச விலை. மற்றவை நகராட்சி மைதானம், பிற்பகலுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கான ட்வைலைட் சலுகை விலை, வாரநாள் விலை. ஜூன் நடுவில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே கால் தாண்டும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினாலும் 18 ஹோலும் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். இந்த வட்டாரத்தில் ட்வைலைட் விலை என்பது உண்மையிலேயே ஒரு கொடை.

எந்த மாதம் என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. வான்கூவரில் ஆண்டு முழுவதும் ஆடலாம், குளிர்காலத்தில் நனைந்துகொண்டே. விஸ்லரில் பனி கரைந்து மே மாத வாக்கில் திறந்து, அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். ஜூன் கடைசியில் சிகரங்களில் பனி இருக்கும், பகல் நீளம், புல் புதிது; கொசுவும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மழை மிகக் குறைவு, ஆனால் விலையும் கூட்டமும் உச்சம். ஆகஸ்டில் இன்னொரு கவலை, காட்டுத்தீப் புகை. உள்நாட்டில் எங்கோ எரிவது பள்ளத்தாக்கு வழியே வந்து தங்கிவிட்டால், பார்க்க வந்த மலையே தெரியாது, மூச்சும் சிரமப்படும். ஆஸ்துமா உள்ளவர்கள் குழுவில் இருந்தால் ஆகஸ்டைத் தவிர்ப்பது நல்லது. என் விருப்பம் செப்டம்பர் முதல் பாதி. பள்ளிகள் திறந்துவிடும், வாரநாள் அறை வாடகை இறங்கும், வானம் பெரும்பாலும் தெளிவு.

செப்டம்பருக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோடை முடிவில் பல மைதானங்களில் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய மென்புல் பரப்பில், ஏரேஷன் செய்வார்கள். மண் இறுகாமல் இருக்க, வேருக்குக் காற்றும் நீரும் போக, கிரீன் முழுக்கச் சிறு துளைகள் போட்டு மணல் தூவுவது. புல்லுக்கு அது அவசியம். ஆனால் அடுத்த ஒன்றிரண்டு வாரம் பந்து துள்ளித் துள்ளித்தான் உருளும். அறை போடுவதற்கு முன் மைதானத்துக்கே தொலைபேசியில் அழைத்து, ஏரேஷன் எந்த வாரம் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நான் இதை முதலில் கேட்டுவிட்டுத்தான் அத்தானுக்குத் தேதி சொன்னேன். “இதையெல்லாம் கேக்கலாமாப்பா?” என்றார். கேட்கத்தான் வேண்டும் அத்தான், பணம் நம்முடையது என்றேன்.

மட்டைகளைக் கொண்டுவருவதா, வாடகைக்கு எடுப்பதா என்று அடுத்த பேச்சு. பெரும்பாலான கனடிய விமானங்களில் கோல்ஃப் பையை ஒரு சாதாரணச் சரக்குப் பையாகவே கணக்கில் எடுக்கிறார்கள், எடை 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று ரவுண்டு ஆடுவதாக இருந்தால் வாடகையைவிடக் கொண்டுவருவதே லாபம். அத்தான் கொண்டுவந்தார். இடதுகை மட்டை வாடகைக்குக் கிடைக்காது என்று அக்காவுக்குப் பயம். கனடாவில் அந்தப் பயமே வேண்டாம். ஐஸ் ஹாக்கி பிடிக்கும் பழக்கத்தாலோ என்னவோ, இங்கே இடதுகைக்காரர்கள் நிறைய. 2003-இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்ற மைக் வியர் கனடாக்காரர், இடதுகை ஆட்டக்காரர். அக்காவிடம் இதைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. முன்கூட்டியே சொல்லி வைத்தோம்; பெண்களுக்கான இடதுகை செட் தயாராக இருந்தது.

வண்டி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கு பேர், நான்கு கோல்ஃப் பை, நான்கு பெட்டி என்றால் செடான் கார் போதாது, சின்ன எஸ்யூவியும் போதாது. மினிவேன்தான் எடுத்தோம். பின் வரிசை இருக்கையை மடக்கினால் பைகள் நீளவாக்கில் படுக்கும்.

டொரண்டோவிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று மணி நேர வித்தியாசம் உண்டு. வான்கூவரில் அதிகாலை நான்கு என்றால் அவர்கள் உடம்புக்கு ஏழு. முதல் இரண்டு நாள் நாம் எழுப்பாமலே எழுந்து காபி கேட்பார்கள். இதைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கே ஃப்ரேசர்வியூவில் நேரம் எடுத்தேன். தெற்கு வான்கூவரில் ஃப்ரேசர் ஆற்றைப் பார்த்த சரிவு, இரு பக்கமும் பெரிய மரங்கள், நடுவே பந்து போகவேண்டிய புல்வழியான ஃபேர்வே நல்ல அகலம். விமானத்தில் இறுகிய முதுகு தளர, புதிய மட்டை கைக்குப் பழக, அடிக்கும் தூரம் யாருக்கு எவ்வளவு என்று ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள இப்படி ஒரு விலை குறைந்த முதல் ரவுண்டு வேண்டும். நேராக விஸ்லரில் போய் இறங்கி, அதிக விலை கொடுத்த ரவுண்டில் போய் உடம்பைப் பழக்கிக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

அங்கேதான் டீ, அதாவது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடியை அடிக்கும் இடம், பற்றிய பேச்சை முடித்தோம். எந்த டீயிலிருந்து ஆடுவது என்பதுதான் இந்த மாதிரிப் பயணத்தின் சந்தோஷத்தை முடிவு செய்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு எளிய கணக்கு உண்டு: உங்கள் 5-அயன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) போகும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள், அந்த நீளத்துக்கு அருகில் இருக்கும் டீதான் உங்களுக்கு. அத்தானின் 5-அயன் 155 கெஜம். பெருக்கினால் 5,580. அவர் கண்ணோ 6,500 கெஜம் தாண்டிய நீல டீயின் மேல். “அத்தான், மலையில ஏற்ற இறக்கம் உண்டு, காடு உண்டு. முன்னாடி டீல ஆடினா கிரீனுக்கு அயன் எடுப்பீங்க. பின்னாடி போனா நாள் முழுக்க நீண்ட தூரத்துக்கான ஃபேர்வே வுட் மட்டைதான்” என்றேன். ஒரு ரவுண்டு ஆடிப் பார்த்ததும் அவரே முன்னால் நடந்தார். அக்கா கணக்குப்படி பெருக்கினால் 3,600 கெஜம்தான் வரும். அவ்வளவு குட்டையான டீ பெரும்பாலான ரிசார்ட் மைதானங்களில் இருக்காது. அதற்கு வழி உண்டு. நீண்ட ஹோல்களில் அவள் ஃபேர்வேயில், கிரீனுக்கு இன்னும் 200 கெஜம் என்று காட்டும் குறியிலிருந்து தொடங்கினாள். போட்டி ஏதும் இல்லாத ரவுண்டில் இதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மாறாக, நால்வரும் ஒரே வேகத்தில் கிரீனை அடைவதால் பின்னால் வரும் குழுவுக்கும் நிம்மதி.

மதிப்பெண்ணுக்கு ஸ்டேபிள்ஃபோர்டு முறை வைத்துக்கொண்டோம். ஹேண்டிகேப்பைக் கழித்தபின் பார் (அந்த ஹோலுக்கென்று வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தால் 2 புள்ளி, அதைவிட ஓரடி கூடிய போகி எடுத்தால் 1, அதற்கு மேல் போனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம். ஒரு மோசமான ஹோல் மொத்த நாளையும் கெடுப்பதில்லை. மனைவிக்கு இதனால் வந்த தைரியத்தைப் பார்த்தபோது, புதியவர்களோடு ஆடும் எல்லாரும் இதையே பின்பற்றலாமே என்று தோன்றியது.

அடுத்த நாள் ஹார்ஸ்ஷூ பே தாண்டி 99-ஆம் எண் நெடுஞ்சாலை. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக அகலப்படுத்திய சாலை. வடக்கே போகும்போது இடப்பக்கம் ஹவ் சவுண்ட், வலப்பக்கம் பாறை. 2021-இல் இந்தக் கடற்பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளப் பகுதியாக அறிவித்தது. ஓட்டுகிறவர் கடலைப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டும் என்றால் போர்டோ கோவ்வில் நிறுத்துங்கள், கரையிலேயே இறங்கி நிற்கலாம். கிளம்பும் முன் சாலை நிலவரம் சொல்லும் மாகாண அரசின் டிரைவ்பிசி இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பாறைச் சரிவோ விபத்தோ நடந்தால் இந்தச் சாலைக்குச் சுலபமான மாற்று வழி கிடையாது. முன்பதிவு செய்த ஆட்ட நேரம் கைவிட்டுப் போகும்.

ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து அரைமணிக்குள் ஃபரி கிரீக் வந்துவிடும். 1993-இல் திறந்த மைதானம், வடிவமைத்தவர் ராபர்ட் மியூர் கிரேவ்ஸ். முழுக்க மலைச்சரிவில் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. முதல் டீயில் நின்றால் ஃபேர்வே காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில், அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பால் எதிர்க்கரை மலைகள். 14-ஆவது ஹோல் பார் 3. கிரீன் கடலை ஒட்டியே இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் இதைவிட அழகான ஒரு குறுகிய ஹோலை நான் பார்த்ததில்லை. இங்கே நடந்து ஆடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம், கார்ட் எடுத்தே தீர வேண்டிய ஏற்றம்.

ஃபரி கிரீக்கைக் காலையில் ஆட வேண்டும். காரணம் ஹவ் சவுண்டின் காற்று. கோடையில் பகல் ஏற ஏற, மலைக்கு அப்பால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் சூடாகி அங்குள்ள காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று இந்தக் குறுகலான நீர்ப்பாதை வழியே உள்ளே இழுபடும். நண்பகலுக்குப் பின் குடாவின் வடமுனையில் உள்ள ஸ்குவாமிஷ் ஊரில், பட்டம் இழுக்க நீர்மேல் சறுக்கும் கைட்போர்டிங் ஆட்கள் கூடுவதே இந்தக் காற்றை நம்பித்தான். காலையில் 14-ஆவது ஹோலுக்கு ஒரு மட்டை. பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் வேறு மட்டை, வேறு ஹோல் மாதிரியே இருக்கும். நன்றாக ஆடுகிறவருக்கு அந்தக் காற்று ஒரு சவால். எங்கள் குழுவில் இருவருக்கு அது வெறும் துன்பம். ஆகவே ஏழரை மணி.

சரிவு மைதானத்தில் டிரைவர் என்னும் மிக நீண்ட தூர மட்டையைப் பையிலேயே விட்டுவிடலாம். கீழ்நோக்கி அடிக்கும்போது பந்து கூடுதலாகப் பறக்கும். மூன்று அடி இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கெஜம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கி அடித்தால் அதே அளவு குறையும். பந்து காலுக்கு மேல் உயரத்தில் கிடந்தால் வலதுகைக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும், தாழக் கிடந்தால் வலப்பக்கம் ஓடும். அக்காவுக்கு எல்லாம் தலைகீழ். அத்தானுக்குக் கஷ்டமான சரிவுகள் சில அவளுக்கு வாகாக அமைந்ததில் அவளுக்கு அன்று தனி உற்சாகம். கூடுதலாகப் பந்துகள் எடுத்துப் போங்கள். தேட மூன்று நிமிடம்தான் அனுமதி. 2019 விதிமாற்றத்துக்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. இந்தக் காட்டுச் சரிவில் மூன்று நிமிடமே அதிகம். விழுந்த பந்தை வாழ்த்திவிட்டு நடந்துவிடுவது உத்தமம்.

மதியத்துக்கு மேல் அவசரமே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ரவுண்டு என்பது எங்கள் கறாரான விதி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அடுக்குகிறவர்கள் உண்டு. இருபது வயதில் சரி. நான்கரை மணி நேர ரவுண்டு, அதற்கு முன்னும் பின்னும் சாலை, நடுவில் இப்படி ஒரு நிலப்பரப்பு. பிரிட்டானியா பீச்சில் பழைய தாமிரச் சுரங்கம் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1974 வரை வேலை நடந்த சுரங்கம், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பேரரசிலேயே பெரிய தாமிரச் சுரங்கமாக இருந்தது. சற்று மேலே 335 மீட்டர் உயர ஷானன் அருவி. குற்றாலத்துக்காரர்கள் நாங்கள், அருவி என்றால் குளிக்க வேண்டும் என்று கால் தானாகப் போகும். இங்கே பார்க்க மட்டும்தான். அதன் பக்கத்திலேயே 2014-இல் தொடங்கிய ஸீ டு ஸ்கை கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி. கோல்ஃப் ஆடாதவர்கள் உடன் வந்தால் அவர்களுக்கு அரை நாள் இங்கேயே நிறைந்துவிடும். ஸ்குவாமிஷ், லில்வாட் பழங்குடி மக்களின் பூர்வ நிலம் இது. விஸ்லரில் இரு இனத்தாரும் சேர்ந்து நடத்தும் பண்பாட்டு மையத்துக்கும் ஒரு பிற்பகல் ஒதுக்கினோம். அங்கே இருந்த செதுக்கிய மரப்படகு முன்னால் அத்தான் வெகுநேரம் நின்றார்.

விஸ்லரில் மூன்று பெரிய பெயர்களில் எதை எடுப்பது? பால்மர் கனடாவில் முதன்முதலாக வடிவமைத்தது விஸ்லர் கோல்ஃப் கிளப். மூன்றிலும் நடந்து ஆட உகந்தது, ஓடைகளும் குளங்களும் நடுவே சமதளமாகப் போகும், புதியவர்களுக்கு இரக்கமானது. ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் ஜூனியரின் ஷாத்தோ விஸ்லர் மலையிலேயே ஏறுகிறது. பாறையும் காடும் சூழ்ந்தது, அடி தவறினால் தண்டனை அதிகம். நிக்லஸ் நார்த் 1996-இல் திறந்தது, கிரீன் லேக் ஏரியை ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஏரியில் மிதவை விமானங்கள் இறங்கி ஏறும். பட் அடிக்கும் நேரத்தில் இரைச்சல் கேட்டால் திடுக்கிட வேண்டாம். அத்தானுக்கு ஷாத்தோ மேல் ஆசை. எங்கள் நால்வருக்கும் பொருத்தமானது பால்மருடையது. எனவே நாலு பேரும் அங்கே ஆடினோம். மறுநாள் அத்தான் மட்டும் ஷாத்தோவில் தனி ஆளாக ஒரு இடம் எடுத்து, முன்பின் தெரியாத மூவரோடு சேர்ந்து ஆடினார். பொது மைதானங்களில் தனி ஆளுக்குக் கடைசி நேரத்தில்கூட இடம் கிடைக்கும், மூன்று பேர் குழுவில் சேர்த்துவிடுவார்கள். குழுவின் ஆசையும் ஒருவரின் ஆசையும் மோதினால் இதுதான் தீர்வு. திரும்பி வந்தவர் அந்த மூவரைப் பற்றித்தான் இரவு முழுக்கப் பேசினார்.

விஸ்லர் ஏறக்குறைய 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று சற்று மெலிது என்பதால் பந்து இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகப் போகும். 150 கெஜ அடியில் அது மூன்று நான்கு கெஜம். பெரிய வித்தியாசம் இல்லை. அதிலும் செப்டம்பர் காலைக் குளிர் அந்த லாபத்தை விழுங்கிவிடும். உயரத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது உறைபனி. மே மாதத்திலும் செப்டம்பர் கடைசியிலும் காலையில் புல்மேல் பனி உறைந்திருந்தால் யாரையும் உள்ளே விட மாட்டார்கள், காலடி பட்ட இடமெல்லாம் புல் கருகிவிடும் என்பதால். அது உருகும்வரை எல்லா நேரங்களும் தள்ளிப்போகும். ஃபரி கிரீக்கில் அதிகாலை என்றால், விஸ்லரில் இலையுதிர் காலத்தில் பத்து மணி. இரண்டும் ஒரே சாலையில் ஒரு மணி நேர இடைவெளியில் இருந்தாலும் கடலோரத்தின் கடிகாரம் வேறு, மலையின் கடிகாரம் வேறு.

கரடி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆம், வரும். விஸ்லர் பள்ளத்தாக்கின் கருங்கரடிகளுக்குக் கோல்ஃப் மைதானமும் மேய்ச்சல் நிலம்தான். வசந்தத்தில் இளம்புல், கோடைக் கடைசியில் பெர்ரி. எங்களுக்கு ஒரு பார் 5-இன் நடுவில் தாயும் குட்டியும் குறுக்கே போயின. ஓடக் கூடாது, பக்கத்தில் போய்ப் படம் எடுக்கக் கூடாது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்கவே கூடாது. கார்ட்டில் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கிரீனுக்குப் போகக் கூடாது. மெதுவாகப் பின்வாங்கி வழிவிட்டு, அது போன பிறகு ஆடலாம். பின்னால் வந்த குழுவும் பொறுமையாக நின்றது. பந்து கரடி பக்கத்தில் கிடந்தால்? விதி 16.2 அதற்கே இருக்கிறது. ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனை அடி இல்லாமல் பாதுகாப்பான இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். பாம்பு, தேனீ, முதலை, கரடி எல்லாம் அதில் அடக்கம். அக்கா இந்த விதியைக் கேட்டதும்தான் சமாதானமானாள்.

சாப்பாடு நம் குழுக்களுக்கு முக்கியம். சைவக்காரர்களுக்கு மைதானத்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் உருளை வறுவலும் ஒரு காய்கறி சான்ட்விச்சும்தான். ஆகவே சமையலறையுள்ள அறையாக எடுத்தோம். ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் வாடகை வெள்ளி, சனியைவிடக் கணிசமாகக் குறையும். மனைவியும் நானும் விடியுமுன் எலுமிச்சைச் சோறு கிளறி டப்பாக்களில் அடைத்துவிடுவோம். ஒன்பதாவது ஹோல் முடிந்த இடைவேளையில் கைகழுவி நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்று மட்டும் ஒவ்வொரு மைதானத்திலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதுவை வெளியிலிருந்து கொண்டுபோக எங்குமே அனுமதி இல்லை.

கடைசி ரவுண்டு பெம்பர்டனில். விஸ்லரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர், இறக்கம். பலர் விஸ்லரோடு திரும்பிவிடுகிறார்கள்; அது பெரிய நஷ்டம் என்பேன். உருளைக்கிழங்கு வயல்களுக்குப் பேர்போன சமவெளி அது. பாப் கப் வடிவமைத்த பிக் ஸ்கை மைதானம் 1994 முதல் அங்கே இருக்கிறது. தலைக்கு மேல் கர்ரி மலை (Mount Currie) 2,591 மீட்டர் உயரத்துக்குச் சுவர் போல நிற்கிறது. மைதானமோ முழுச் சமதளம். மலையின் பிரமாண்டம் முழுவதும் கண்ணுக்கு, ஏற்றத்தின் சிரமம் துளியும் காலுக்கு இல்லை. கலப்புக் குழுவுக்கு இந்தப் பாதையிலேயே மிகப் பொருத்தமான இடம் இதுதான் என்பது என் தீர்ப்பு. தண்ணீர்க் குளங்கள் நிறைய, அதனால் பந்து தொலையும். ஆனால் வழி திறந்தே இருக்கிறது. அங்கேதான் அக்கா அவள் வாழ்க்கையின் முதல் பார் எடுத்தாள், 200 கெஜக் குறியிலிருந்து இல்லை, பார் 3-இல் டீயிலிருந்தே. அத்தான் கையில் பிடித்திருந்த கொடிக்கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

பெம்பர்டன் விஸ்லரைவிடத் தாழ்வானது, ஆகவே வெப்பமானது. ஜூலையில் மதிய வெயில் நம் ஊர் வெயிலை நினைவூட்டும். ஜூன், ஜூலையில் மாலையானால் கொசு மொய்க்கும். காலையில் ஆடி முடித்துவிடுங்கள், கொசு விரட்டி கையில் இருக்கட்டும், தண்ணீர் இரண்டு பாட்டில்.

திரும்பும் நாளைப் பற்றி ஒன்று. ஞாயிறு மாலை விஸ்லரிலிருந்து தெற்கே வருவதும், வெள்ளி மாலை வான்கூவரிலிருந்து வடக்கே போவதும் நெரிசலில் சிக்குவதற்கு உத்தரவாதம். நாங்கள் வியாழன் காலை பெம்பர்டனில் ஆடிவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். வெள்ளி இரவு டொரண்டோ விமானம் என்பதால் நடுவில் ஒரு காலை மிச்சம் இருந்தது. அதில் ஸ்டான்லி பார்க்கில் இருக்கும் நகராட்சியின் பிட்ச் அண்ட் பட்டில் 18 குட்டி ஹோல்கள். பை வேண்டாம், குறுந்தூரத்துக்கு ஒரு வெட்ஜும், பந்தை உருட்ட ஒரு பட்டர் மட்டையும் போதும். அங்கே என் மனைவிதான் ஜெயித்தாள். அத்தான் அடுத்த ஆண்டுக்கு ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து படகேறி வான்கூவர் தீவுக்குப் போகலாம் என்கிறார். செப்டம்பரில் ஏரேஷன் தேதிகளை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.